தூசிக்குப் பின்னால்

“ரெண்டு கேலக்ஸி மோதி ஒண்ணாகுதே, அகச்சிவப்புல அப்படி ஜொலிக்குதே, தூசிக்குப் பின்னால எரியறது என்னதான்? கண்டுபிடிச்சாச்சா?” முதியோர் இல்லக் கட்டிலில் சாய்ந்தபடியே கேட்டார் பேராசிரியர்.

“முடிவு வந்துடுச்சு சார். நீங்க சொன்னதுதான் சரி. நடுவுல ஒரு கருந்துளை எல்லாத்தையும் விழுங்கிட்டிருக்கு. அந்தச் சூடுதான் அது,” என்றாள் அவள்.

அவர் முகம் தொங்கிப்போனது.

“அடடா! புது நட்சத்திரங்கள் பிறக்கிற வெளிச்சம்னு என் பொண்டாட்டி ஒத்தைக்கால்ல நின்னா. ஆய்வுக்கூடத்துச் சண்டை சமையலறை வரைக்கும் வரும். தோத்தவங்க ஆயுசுக்கும் காபி போடணும்னு பந்தயம் வேற. அவகிட்ட சொல்லிடாதீங்கம்மா, ஒடிஞ்சு போயிடுவா.”

“சொல்லலை சார்.”

வீட்டிலிருந்து தானே போட்டு எடுத்து வந்த காபியை ஃப்ளாஸ்க்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தாள்.

ஒரு வாய் குடித்தவர் மலர்ந்தார். “சர்க்கரை போட மறந்துட்டீங்களே! அச்சு அசல் அவ கைப்பக்குவம்!”

பிறகு, அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

“முப்பது வருஷம் கூடவே இருந்தவ. ஒரு நாளாவது என்னை வந்து பார்க்கக் கூடாதா?”