சும்மா கிடந்த லைன்

"யாரைக் கேட்டும்மா ரவுட்டர்ல கை வச்சே?"

கணினித் திரையில் மேலாளரின் முகம் சிவந்திருந்தது. அவர் தலைமை அலுவலகத்தில். வயரக்கா ஊரின் மறுகோடியில், மருந்துக் கிடங்கின் சர்வர் அறையில், ஏசிக் குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிடங்கில் எல்லோருக்கும் அவள் வயரக்காதான். 'நெட்வொர்க் பொறியாளர்' என்று கழுத்து அட்டையில் இருந்ததை யாரும் படித்ததில்லை.

"மூணு தடவை மெயில் போட்டேன் சார். பதிலே வரல."

"வரலைன்னா வேண்டாம்னு அர்த்தம்! எந்த ரவுட்டர் எந்த வழியில அனுப்பணும்னு பன்னிரண்டு வருஷம் முன்னாடியே என் கையால எழுதி வச்சிருக்கேன். அதுல என்ன குறை கண்டே?"

வயரக்காவுக்குச் சுள்ளென்று வந்தது. போன மாதம் கிடங்கையும் தலைமை அலுவலகத்தையும் இணைக்கும் முதல் லைன் பழுதாகி, நாற்பது மருந்துக் கடைகளின் ஆர்டர் நாலு மணி நேரம் அப்படியே நின்றது. ஒவ்வொரு ரவுட்டராக வழியை மாற்றி எழுதுவதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இரண்டாவது லைனோ அத்தனை நேரமும் சும்மா கிடந்தது.

அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். ஒவ்வொரு ரவுட்டரிலும், கேபிள் செருகும் ஒவ்வொரு போர்ட்டிலும் டைனமிக் ரவுட்டிங்கை இயக்கினாள். ஒரே ஒரு போர்ட்டை மறந்துவிட்டு, இந்த இரண்டு ரவுட்டர்கள் மட்டும் ஏன் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டது தனிக் கதை.

"பத்து செகண்டுக்கு ஒரு தரம் பக்கத்து ரவுட்டரை 'இருக்கியா'ன்னு கேக்கும் சார். பதில் இல்லைன்னா தானாவே அடுத்த லைன்ல அனுப்பிடும்."

"தானாவே முடிவெடுக்குமா? நாளைக்கு அதுவே லீவும் கேக்கும்!"

கதவு திறந்தது. காவலாளி அண்ணன் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"தெரியும்ணே, நீங்க போங்க."

"வேலை நேரத்துல சாப்பாடு வேறயா?" மேலாளர் கத்தினார். "கடைசியாச் சொல்றேன். இந்த நிமிஷமே எல்லாத்தையும் அழிச்சிட்டு, என் வழிக்கே மாத்து. இல்லைன்னா நாளையிலேர்ந்து வராதே."

மகள் இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். வேலை போனால் திண்டாட்டம்தான்.

"மாட்டேன் சார்."

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"என்ன திமிர்! என் வழியில ஒரு கோளாறு காட்டு பார்ப்போம். அப்புறம் பேசு."

வயரக்கா பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே இருந்ததைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கட்டைவிரல் தடிமனில், இரண்டு பக்கமும் பிய்ந்துபோன கறுப்புக் கேபிள் துண்டு. அதில் ஒட்டியிருந்த ஈரமண் மேசையில் உதிர்ந்தது.

"உங்க வழி இதுதான் சார். நீங்க கூப்பிடறதுக்கு முன்னாடியே ரோடு தோண்டற மெஷின் அறுத்துடுச்சு. அரை மணி நேரமா நீங்க என்னைத் திட்டிக்கிட்டிருக்கறதே என் வழியிலதான்... அழிச்சிடட்டுமா?"