துரை வேடம்

“செருப்ப வெளிய கழட்டிட்டு வா. இது ஆபிஸ். ஒங்க லயத்து வீடு இல்ல.”

துஷாந்தினி வாசலிலேயே திகைத்து நின்றாள். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎலயில் பள்ளி விடுமுறைக்கு நடந்த தலைமைத்துவ முகாமின் நான்காம் நாள் அது. மண்டபத்தின் நடுவில் ஒரு மேசை. அதற்குப் பின்னால் தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரையாக உட்கார்ந்திருந்தவர் முகாமின் வழிகாட்டி கலாராணி மிஸ். தரையில் சுற்றிவர இருபத்தாறு பிள்ளைகள். ஒவ்வொருவராக வெளியே போய், ஆபிஸுக்குள் நுழைவதுபோல் வந்து, தங்கள் தோட்டத்துப் பிரச்சினையைத் துரையிடம் பேசிப் பழக வேண்டும்.

மற்றவர்களுக்கு அது வெறும் பயிற்சி. துஷாந்தினியோ வரும் திங்கட்கிழமை உண்மையான துரையையே பார்க்கப் போகிறாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற குறுக்குப் பாதையை அவள் தோட்டத்தில் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகள் பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள். போன மாதம் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை வேன் அடித்துக் கால் முறிந்துபோனது. துரையிடம் பேச, தோட்டத்து ஆட்கள் எல்லாரும் சேர்ந்து பதினெட்டு வயது துஷாந்தினியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

“வணக்கம் சார். நாங்க அந்தக் கேட்டப் பத்தி...”

“நாங்கன்னா யாரு? ஒனக்குப் பின்னால ஒருத்தரையும் காணோமே.”

பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள்.

“எங்க தோட்டத்து ஆளுங்க சார்.”

“ஒங்க தோட்டமா? எப்ப வாங்குன?”

துஷாந்தினியின் முகம் சுண்டிப்போனது. இருந்தும் விடவில்லை.

“ரொம்ப தூரம் சுத்திப் போக வேண்டியிருக்கு சார். கஷ்டமா இருக்கு.”

“ஏன், நடந்து போனா என்னா? காலு இல்லையா? நாள் பூரா மலையில ஏறி எறங்குற ஆளுங்கதான நீங்க? இன்னைக்கு ஒண்ணு குடுத்தா நாளைக்கு இன்னொண்ணு கேட்டு வந்து நிப்பீங்க. ஒங்க புத்தி எனக்குத் தெரியாதா?”

“சார், நாங்க ஒரு கடுதாசி எழுதிட்டு வந்தா...”

“யாரு, ஒங்கம்மாவா எழுதப் போறா? அவ கையெழுத்துப் போடுவாளா, பெருவெரலா?”

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

“போ, போ. போயி ஒங்கப்பன வரச் சொல்லு. போத தெளிஞ்ச பொறகு வரச் சொல்லு.”

துஷாந்தினி மேசையில் ஓங்கி அடித்தாள்.

“போதும் மிஸ்! நடிப்புன்னா ஒரு அளவு இல்லையா?”

“நான் மிஸ் இல்ல. தொர.”

“ஆமா, தொரதான்! நீங்க நடிக்கவே வேணாம். பதுளை டவுன்ல பெரிய துணிக்கட ஒங்களுது. ஒங்களுக்கு நாங்க யாரு? தீவாளிக்கு சீல வாங்க வந்து நிக்கிற கூட்டம். எங்களப் பத்தி மனசுக்குள்ள பூட்டி வச்சிருந்தது இன்னைக்கு வெளிய வந்துருச்சு!”

“துஷா, உக்காரு... சும்மா பழகத்தான” என்று மேசைக்குப் பக்கத்தில் தரையில் இருந்த பையன் சதீஸ்குமார் எழுந்து அவள் கையைப் பிடித்தான். அவள் உதறினாள்.

“என்னா பழக்கம் இது? எங்கப்பா ஒரு சொட்டு குடிக்க மாட்டாரு. எங்கம்மா என்னைய விட அழகா எழுதுவாங்க!”

கலாராணியும் எழுந்துவிட்டார். “அத ஏன் இப்ப சொல்ற? கேட்ட ஒடனே ஏன் சொல்லல? என்மேல காட்டுற கோவத்தத் தொரமேல காட்டு! பாதையப் பேசு!”

“பேசுறேன்! நல்லாவே பேசுறேன்! இத்தன வருசமா நடந்த பாதைய யாரக் கேட்டுப் பூட்டுனீங்க? காரணத்த எழுத்துல குடுங்க. இன்னொரு பிள்ளைய வேன் அடிச்சா அதுக்கு நான்தான் பொறுப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. முடியாதுன்னா சாவியக் குடுங்க! ரெண்டுல ஒண்ணு கைக்கு வர்ற வரைக்கும் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்!”

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. துஷாந்தினிக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. மூலையில் கிடந்த தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கண்ணில் நீர் முட்டி நின்றது.

“நான் வீட்டுக்குப் போறேன். ஒங்க முகாமும் வேணாம், சான்றிதழும் வேணாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்குறேன் மிஸ். இவ்வளவு கேவலமான பேச்ச எப்படி யோசிச்சீங்க? ராத்திரி பூரா உக்காந்து எழுதுனீங்களா?”

கைதட்டல் நின்றது. கலாராணி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

“கடையெல்லாம் கல்யாணத்துக்கு அப்பறம் வந்தது துஷாந்தினி. நான் பொறந்தது கொஸ்லந்த பக்கம், ஒரு லயத்துல. இதுல ஒரு வார்த்த கூட நான் யோசிக்கல. பதினாறு வயசுல, எங்க தோட்டத்து ஆபிஸ்ல, எனக்குச் சொன்னதுதான் இவ்வளவும். அம்மாவுக்கு மூச்சு முட்டுது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகத் தோட்டத்து லொறியக் குடுங்கன்னு கேட்டுப் போனேன். அந்தத் தொர பேசுன எல்லாத்துக்கும் ‘சரிங்கய்யா’ன்னு சொல்லிட்டு அழுதுகிட்டே திரும்பி வந்துட்டேன்.”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“மறுநாள் கேக்காமலே லொறிய அனுப்பி வச்சாங்க. அம்மாவப் பொதைக்கக் கொண்டு போறதுக்கு.”