கை படாத மாத்திரை

ஒச்சப்பனால் எந்த மாத்திரையையும் முழுசாக விழுங்க முடியாது. மருமகள் அன்னக்கொடிதான் தினமும் உடைத்துக் கொடுப்பாள். தேனி டாக்டர் புரோஸ்டேட் வீக்கத்துக்கு எழுதிக் கொடுத்த புது மாத்திரையை மட்டும் அவர் அவளைத் தொடவிடவில்லை.

"இங்கன கொண்டாங்க மாமா, உடைச்சுத் தாரேன்."

"வேணாம் ஆத்தா, நானே பாத்துக்கிறேன்."

பாக்குவெட்டியை எடுத்து, அவரே உடைத்துப் போட்டுக்கொண்டார்.

பக்கத்து வீட்டு ராக்கம்மா கீரை ஆய்ந்தபடியே காரணம் சொன்னாள். "கல்யாணமாகி ஒன்பது வருசம். வயித்துல ஒரு புழு பூச்சி தங்கல. ஊருக்குள்ள முதல் நாத்து நட உன்னையக் கூப்பிடுறாகளா? உங்க மாமாவுக்கும் அதே நெனப்புதான்."

மறுநாள் அன்னக்கொடி நேராகவே கேட்டுவிட்டாள்.

"என் கை அம்புட்டு ராசியில்லாத கையா மாமா?"

ஒச்சப்பன் திகைத்துப்போனார்.

"யாரு சொன்னா? இந்த மாத்திரையை உடைச்சா, புள்ளத்தாச்சி கை அதுல படக்கூடாதாம். வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாக."

"நான் புள்ளத்தாச்சி இல்லையே மாமா."

தரையில் சிந்திய மாத்திரைத் தூளை ஈரத்துணியால் துடைத்தபடி அவர் சொன்னார்.

"நீ எந்த மாசம் உண்டாவேன்னு யாருக்குத் தெரியும் ஆத்தா? நாமதான் சூதானமா இருக்கணும்."