பிப்போக்கா செத்த பிறகு

"என் பொண்ணுக்கு மட்டும் ஏதாவது ஆகட்டும், அந்த மாமரத்துல ஒரு குரங்கு மிஞ்சாது!" துப்பாக்கியில் தோட்டாவைத் திணித்தபடி கத்தினான் ஜெனிவால்டோ.

உள்ளே தூளியில் ஆறு வயது ரயீசா காய்ச்சலில் முனகினாள். ஆஸ்பத்திரியில் வெறும் தொண்டைப் புண் என்றுதான் சொன்னார்கள்; வீட்டில் யாரும் நம்பவில்லை. அவள் நெற்றியில் ஈரத்துணியை மாற்றினாள் அம்மா லூசினெய்தே. பிப்போக்காவும் இப்படித்தான் முதல் நாள் சுருண்டு படுத்தது. மறுநாள் வலிப்பு வந்து, வாயில் நுரை தள்ளிச் செத்தே போனது.

உள்ளங்கையில் அடங்கிவிடும் காட்டுக் குரங்கு அது. தினமும் மரத்திலிருந்து சமையலறை ஜன்னலுக்கு வந்துவிடும்.

"எல்லாம் உன்னாலதான்யா!" என்று புருஷன்மேல் பாய்ந்தாள் லூசினெய்தே. "அதை வீட்டுக்குள்ள விட்டது யாரு? எனக்குக்கூட அத்தனை முத்தம் குடுத்திருக்க மாட்ட!"

அவனோ, வெயில் காலத்தில் எப்போதும் வரும் உதட்டுக் கொப்புளத்தின் மேல் பற்பசையை அப்பிக்கொண்டு, மரத்தையே முறைத்தான். பிப்போக்காவுக்குப் பிறகு அதன் அடியில் இன்னும் இரண்டு குரங்குகள் விழுந்து செத்திருந்தன.

கால்நடை டாக்டர் மார்லூசியா மூன்றையும் ஐஸ் பெட்டியில் ரெசிஃபே நகரத்து ஆய்வகத்துக்கு எடுத்துப் போயிருந்தாள். வெறிநோயும் இல்லை, மஞ்சள் காய்ச்சலும் இல்லை என்று போனில் சொன்னாள். ரயீசாவுக்குக் காய்ச்சல் வந்ததும் திரும்பி வந்து, வீட்டில் எல்லோர் வாயிலும் பஞ்சுக் குச்சியை விட்டு எச்சில் எடுத்தாள். அப்போதே லூசினெய்தேவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

வாசலில் ஜீப் வந்து நின்றது. இறங்கிய மார்லூசியாவின் முகத்தில் சிரிப்பில்லை.

"மூணு குரங்கு மூளையிலயும் ஒரே வைரஸ்தான்க்கா. அதோட மரபணுவை ஒரு எழுத்து விடாம படிச்சுப் பார்த்துட்டோம். இந்த வீட்டுல ஒருத்தர் எச்சில்லயும் அதேதான் இருக்கு."

"ஐயோ, என் குழந்தை!" லூசினெய்தே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜெனிவால்டோ துப்பாக்கியோடு மாமரத்தைப் பார்த்து ஓடினான்.

"நில்லுங்கண்ணே! பாப்பாவுக்கு இல்ல. ஆஸ்பத்திரியில சொன்ன மாதிரி அவளுக்கு வெறும் தொண்டைப் புண்ணுதான், ரெண்டு நாள்ல எழுந்து ஓடுவா. வைரஸ் உங்ககிட்டதான் இருக்கு."

அவன் முகம் வெளிறிப்போனது. "அப்ப... நானும் வலிப்பு வந்து சாவேனா? அந்தச் சனியன் எனக்கு ஒட்டவெச்சுட்டுப் போயிருச்சா?"

"உங்களுக்கு இது உதட்டுக் கொப்புளத்தோட போயிடும். இது மனுஷங்க வைரஸ்ணே. குரங்குக்கு வந்தாத்தான் தாங்காது."

மரத்தில் மிச்சமிருந்த குரங்குகள் கீச்சிட்டன. ஜெனிவால்டோ துப்பாக்கியை இன்னும் இறக்கவில்லை.

"துப்பாக்கி எதுக்குண்ணே? உங்க முத்தமே போதும்."