பாதி இழுத்த சோக்

ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த கணவர் ஞானசேகரனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவருடைய பழைய காரைத் தமயந்தியே எடுத்தாள். ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி வேகம் எடுக்காமல் விக்கியது. இன்னும் மிதித்தால் அணைந்துவிடுவதுபோல் குலுங்கியது. ஓரங்கட்டி, மெக்கானிக் சூசைக்குப் போன் போட்டாள். "டீச்சர், சோக்கைப் பாதி இழுத்துப் புடிச்சுக்கிட்டு ஓட்டிப் பாருங்க. விக்காம போச்சுன்னா கார்ப்பரேட்டர்ல அடைப்பு, பெட்ரோல் பத்தல. ஆனா அந்தச் சோக்கு தானா நிக்காது, கையை எடுத்தா உள்ள போயிரும். விட்டுறாதீங்க." டேஷ்போர்டின் நடுவிலிருந்த சோக் குமிழை இழுத்துப் பிடித்தாள். வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. ஆனால் கியர் மாற்றக் கையை எடுக்கும்போதெல்லாம் குமிழ் உள்ளே போனது, மறுபடி அதே விக்கல். நான்காவது தடவை, வியர்த்துச் சில்லிட்ட ஒரு கை அவள் கைமேல் வந்து விழுந்தது. "நீ கியரப் பாரு. இத நான் புடிச்சுக்கறேன்" என்றார் ஞானசேகரன். அதன்பிறகு வண்டி ஒருமுறைகூட விக்கவில்லை. கடைத்தெருவைத் தாண்டியது, ரயில்வே கேட்டைத் தாண்டியது. அவள் அவர் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. எஞ்சின் சீராக ஓடும் சத்தமே அவளுக்குப் போதுமாயிருந்தது. மேம்பாலம் ஏறி இறங்கினால் ஆஸ்பத்திரி. பாதி ஏற்றத்தில் வண்டி விக்கியது. தமயந்தி ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தாள். "விட்டுறக் கூடாதுன்னு சூசை சொன்னாருங்க" என்றாள், சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.