சாமியின் புளிச்ச மாவு

மாதா கோயில் வாசலில் ஜீப்பு உறுமிக்கொண்டு நின்றது. சமையல்காரி ராமுத்தாய் உள்ளே சாடியைத் துணியில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

சாடிக்குள் புளிச்ச மாவு. பாதிரியார் சாமி இத்தாலியிலிருந்து போடிமெட்டுக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்தது.

அவர் ஊரும் மலைமேல்தான். கல்மதில் சுற்றிய பழைய ஊராம். பழைய மாவில் ஒரு கை எடுத்துப் புதுமாவில் பிசைந்து, உப்பே போடாமல் ரொட்டி சுடுவார்களாம். பிள்ளை ஊரைவிட்டுப் போனால் ஆத்தாக்காரி அதில் ஒரு உருண்டை கொடுத்தனுப்புவாளாம்.

இப்போது சாமியின் ஆத்தாவும் இல்லை, அந்த வீட்டு மாவும் காய்ந்துபோயிற்று. சாமி ஊரோடு போகிறார். தங்கச்சி கையில் இதைக் கொடுக்கவேண்டுமாம்.

கொடுக்க என்ன இருக்கிறது? சாடியில் இருப்பது அந்த மாவே இல்லை.

முன்னொரு அடைமழையில் மாவு பொங்கவே இல்லை. அந்த மாதிரிக் குளிருக்கு எஸ்டேட் பொம்பளைகள் இட்லிமாவை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் கொண்டுபோய் வைப்பார்கள், சூட்டுக்குப் பொங்கும் என்று. இவளும் சாடியை அங்கே வைத்தாள். எவனோ அடுப்பில் விறகை அள்ளித் திணித்துவிட்டான். காலையில் பார்த்தால் மாவு வெந்து களியாகக் கிடந்தது.

பாவி மகள், அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கேரளத்துப் பக்கம் ஆள் விட்டுக் கள்ளு வாங்கி, ஆப்பத்துக்கு ஊற்றுகிற மாதிரி மைதாவில் ஊற்றிப் புளிக்க வைத்தாள். அதுவும் யாருக்கு? ஞாயிறு தவறாமல் கள்ளுக்கு எதிராகத் தொண்டை வறளப் பேசுகிற மனுஷருக்கு.

அன்றைக்கு ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்த சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆத்தா கைருசி வந்துவிட்டது போல என்று இவள் பெருமூச்சு விட்டாள். அதிலிருந்து அதே மாவுதான்.

"ராமுத்தாயி, வெரசா கொண்டா." ஜீப்பிலிருந்து சாமி கூப்பிட்டார்.

ஓடினாள். சாடியை நீட்டினாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் சாமி சாடியை வாங்கிக்கொண்டார்.

சாமி மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சிக்கும் இது பிடிக்கும், ராமுத்தாயி. ஆனா அங்க கள்ளுக்கு எங்க போறது?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஜீப்பு வளைவில் இறங்கிப் போனது.

ராமுத்தாய் கையில் சாடியைச் சுற்றிய துணி மட்டும் இருந்தது.

அப்படியென்றால் அன்றைக்குச் சாமி அழுதது, ஆத்தா ருசி வந்ததற்காக இல்லை.