உள் அறைக் கம்பம்

காலிங் பெல் அடித்தபோது கேத்தரின் ஸ்டூல்மேல் நின்று, கம்பத்தில் பதிந்திருந்த கைத்தடங்களை அவசர அவசரமாக அழித்துக்கொண்டிருந்தாள். கையில் ஸ்பிரிட் நனைத்த பழைய துணி. ஜன்னலும் திரையும் மூடியிருந்ததால் அறை முழுக்க ஆஸ்பத்திரி வாடை.

தரையிலிருந்து கூரை வரை நிற்கிற ஸ்டீல் கம்பம் அது. பிடித்து ஏறி, காலால் கவ்விச் சுழன்று ஆடுவதற்கென்றே வாங்கியது. தினமும் துடைக்காவிட்டால் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து பிடி வழுக்கும். அடியில் இருக்கிற திருகு தளர்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது ஸ்பேனர் போட்டுப் பார்க்க வேண்டும். தோளில் பிடிப்பு வந்த பிறகு கேத்தரினால் வலது கையைத் தலைக்குமேல் தூக்க முடிவதில்லை. அதனால்தான் ஸ்டூல்.

மன்னார்புரத்தில் இந்த மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து அந்த அறைக்குள் அவள் யாரையும் விட்டதில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால் பழைய சாமான் போட்டிருக்கிறோம் என்பாள். ஆடுவதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. இந்த ஒளிவுமறைவுதான் மூச்சை முட்டியது.

ஹாலில் கணவர் ஸ்டீபன்ராஜ் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. “வாங்கக்கா” என்றார்.

அவருடைய அக்கா பிரான்சி, காட்டூரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தாள். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். செருப்பைக் கழற்றியதும் நேராக உள் அறைக்கு வந்து கதவைத் தள்ளினாள். கேத்தரின் அப்போதுதான் ஸ்டூலிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்திருந்தாள்.

“கீழ் வீட்டு பானுப்ரியா போன்ல சொன்னப்ப நான் நம்பலை” என்றாள் பிரான்சி. “கம்பத்தை மாடி ஏத்துனப்பவே பார்த்தாளாம். சாயங்காலமானா பாட்டும் தொம்முதொம்முன்னு சத்தமும் தாங்கலையாம்.”

“அக்கா, அது வந்து...”

“நீ பேசாதே. தோள் வலி, தோள் வலின்னு புத்தூர் ஆஸ்பத்திரிக்கு நடையா நடந்தியே, இதுல தொங்கித்தானா?”

கேத்தரின், பிரான்சிக்குப் பின்னால் வந்து நின்ற கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன்டா ஸ்டீபன், நீ எப்படி இதுக்கு ஒத்துக்கிட்டே? பேங்க்ல மேனேஜரா இருக்கே. சர்ச்ல பாட்டுக் குழுவையே நீதான் நடத்துறே. வெளியே தெரிஞ்சா உன் மரியாதை என்னாகும்?”

“விடுங்கக்கா. நான் பார்த்துக்கறேன்.”

அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று கேத்தரின் காத்திருந்தாள். அவ்வளவுதான் வந்தது.

“நீ என்னத்தைப் பார்த்துக்குவே? உன்னால முடியாது, நான்தான் முடிவு கட்டணும்” என்று பிரான்சி கேத்தரின் பக்கம் திரும்பினாள். “ஞாயித்துக்கிழமை மறைக்கல்வி வகுப்புக்கு இனிமே நீ போக வேணாம். பிள்ளைங்களுக்கு ஜெபம் சொல்லித்தர்ற ஆளா நீ? ஃபாதர்கிட்ட நானே பேசிக்கறேன்.”

கேத்தரின் கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். வாரம் முழுக்க இந்த மூடிய வீட்டில் அடைந்து கிடப்பவளுக்கு அந்த வகுப்பு ஒன்றுதான் வெளிக்காற்று. பூசை முடிந்ததும் சின்னப் பிள்ளைகள் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு வகுப்பறைக்கு இழுத்துப்போவார்கள். தன் வயிற்றில் ஒன்று தங்காத குறையை அந்த ஒரு மணி நேரம் மறந்திருப்பாள்.

“என்னங்க, நீங்க சொல்லுங்க.”

ஸ்டீபன்ராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அக்கா சொல்றது உன் நல்லதுக்குத்தான் கேத்தரின்.”

கேத்தரின் அவரையே பார்த்தாள். பிறகு பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

“நான் இனிமே இதுல ஆடமாட்டேன்னு என் கண்ணைப் பார்த்துச் சொல்லு” என்றாள் பிரான்சி.

“நான் ஆடமாட்டேன்க்கா.”

கொஞ்சமும் தயங்காமல் அவள் சொன்ன விதத்தில் பிரான்சியின் கோபம் பாதியாகத் தணிந்தது. ஆனாலும் காபி வேண்டாம் என்றுவிட்டாள். படியிறங்கும்போது, “என் தம்பியோட பொறுமை யாருக்கும் வராது” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

ஸ்டீபன்ராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேத்தரின் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லாமலே உள்ளே போனார்.

அவள் ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஞாயிறு டீச்சர் எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். யார், என்ன பதில் சொல்வார்கள்? வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மழை தூறலாகத் தொடங்கி வலுத்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

மறுபடி பெல் அடித்தது.

பிரான்சி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நனைந்து நின்றாள். “பஸ்ஸும் வரலை, மழையும் பிடிச்சுக்கிச்சு. ஒரு குடை இருந்தா...”

பேச்சு பாதியில் நின்றது. சாத்தியிருந்த உள் அறையிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது.

“அடிப்பாவி. இப்பத்தானே என் கண்ணைப் பார்த்துச் சொன்னே? பாட்டைப் போட்டு ஆடிக்கிட்டிருந்துட்டு, பெல் அடிக்கவும் இறங்கி ஓடியாந்தியா?”

வழக்கம்போல் ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ரேடியோ என்று சொன்னால் போதும். கேத்தரினின் நாக்கு நுனிவரை அந்த வார்த்தை வந்தும்விட்டது.

அதற்குள் உள்ளே தொம்மென்று யாரோ குதிக்கும் சத்தம் கேட்டது. பிரான்சி திடுக்கிட்டு அந்தக் கதவைப் பார்த்தாள். பிறகு, தன் எதிரே நிற்கிற கேத்தரினைப் பார்த்தாள்.

கேத்தரின் வழியைவிட்டு ஒதுங்கி நின்றாள்.

“போய்ப் பாருங்கக்கா. ஆடுறது உங்க தம்பி.”